பத்து ராகம், ஒரே அடி: ஒரு பழைய டிஸ்கோ தட்டோடு 12 வருஷம்

உண்மையைச் சொன்னால் இந்தத் தட்டை நான் பாட்டுக்காக வாங்கவில்லை, கதைக்காக வாங்கினேன். "சிகாகோவில் அசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசை பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே பம்பாயில் ஒருத்தர் அதை வாசித்து முடித்துவிட்டார் தெரியுமா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். அப்போது நான் செம்பூரில் வாடகைக்கு இருந்தேன். நம்ம ஊர்க்காரர் என்ற உரிமை மும்பைக்கு வந்து இரண்டே வருஷத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே சிடியை வரவழைக்கப் பணம் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது. உறை விரிசல் விட்டு, நடுவில் தட்டைப் பிடிக்கும் பற்களில் இரண்டு உடைந்திருந்தன. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. நல்லவேளையாகத் தட்டில் கீறல் எதுவும் இல்லை.

தட்டின் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் சரண்ஜித் சிங். இந்திப் பட இசைக்குழுக்களில் பல வருஷம் கிதார், பாஸ், கீபோர்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் வாசித்தவர். புதிதாக ஒரு கருவி சந்தைக்கு வந்தால் விடமாட்டாராம். 1982 வாக்கில் இந்திப் படங்களில் எங்கே திரும்பினாலும் டிஸ்கோ. இவர் யோசித்தது எளிமையான ஒரு விஷயம்: ராகத்தை அப்படியே வைத்துக்கொள்வோம், தபேலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ அடியைப் போடுவோம். கையில் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகள் இருந்தன. தாளத்துக்கு டிஆர்-808, பாஸுக்கு டிபி-303, ராகம் வாசிக்க ஜூபிடர்-8. எச்எம்வி வெளியிட்டது. விற்கவில்லை.

அந்த 303 பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. தனியாக உட்கார்ந்து பழகும் கிதார்காரருக்குத் துணைக்கு பாஸ் வாசிக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி அது. ஆனால் நிஜ பாஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கொப்பளிக்கிற மாதிரி, ரப்பரை இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். யாரும் வாங்காததால் 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த பிறகு சிகாகோ பையன்கள் சிலர் கையில் அது சிக்கியது. குமிழ்களைத் தாறுமாறாகத் திருகிப் பார்த்தார்கள், அந்தக் கொப்பளிப்பே ஒரு இசையாகிவிட்டது. ஃபியூச்சர் என்ற அவர்களுடைய குழு 1987-இல் போட்ட 'அசிட் ட்ராக்ஸ்' தட்டிலிருந்துதான் அசிட் ஹவுஸ் என்ற பெயரே பரவியது. அதே பெட்டி, அதே கொப்பளிப்பு, 1982-இல் பம்பாயில் பைரவ் ராகத்துக்கு அடியில் ஓடியிருக்கிறது.

எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2002-இல் இந்தியாவில் பழைய தட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது இது அகப்பட்டது. பாம்பே கனெக்ஷன் என்ற தன்னுடைய இசைத்தட்டு நிறுவனம் வழியாக 2010-இல் மறுபதிப்புப் போட்டார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. ஏபெக்ஸ் ட்வின் என்ற எலக்ட்ரானிக் இசைக்காரர் மாதிரி யாரோ விஷமக்காரர் நேற்று செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார் என்று பேச்சு. முதல் தடவை கேட்டபோது அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. ஆரம்பத்திலேயே இயந்திரக் குரலில் "ஓம் நம சிவாய" என்று வரும் பாருங்கள், அந்த இடத்தில்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

முதல் ஆறு மாதம் இந்தத் தட்டை நான் கேட்டேன் என்பதைவிட மற்றவர்களுக்குக் காட்டினேன் என்பதுதான் சரி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் போட்டுவிட்டு, "எந்த வருஷம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்பேன். 1995, 2003 என்பார்கள். 1982 என்று போட்டு உடைப்பேன். ஆச்சரியப்படுவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். தனியாக இருக்கும்போது நான்காவது பாட்டைத் தாண்டியதில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தது. அதே குதிரைக் குளம்பு அடி, அதே கொப்பளிப்பு. விருந்தாளி வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கிற பீங்கான் கோப்பை மாதிரி ஆகிவிட்டது. கதைக்காக வாங்கும் எதுவும் என்னிடம் இப்படித்தான் முடியும்.

அதை மாற்றியது மும்பை புறநகர் ரயிலின் ஹார்பர் லைன். செம்பூரிலிருந்து சிஎஸ்டி போய்ச் சேர முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. சிடியைப் போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டும் சுமார் ஐந்து நிமிடம் என்பதால் ஒரு பயணத்துக்கு ஏழு ராகம். காலை நெரிசலில் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, போனை எடுத்துப் பாட்டை மாற்றவும் கை இல்லாத நிலையில், வேறு வழியில்லாமல் வரிசையாகக் கேட்டேன். அப்போதுதான் காது மெதுவாக அடியை விட்டுவிட்டு மேலே ஏறியது. அடி மாறுவதில்லை என்று தெரிந்துவிட்டால் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ரயில் சத்தம் மாதிரி அது பின்னால் போய்விடுகிறது. மேலே ஜூபிடர்-8 ஒற்றை இழையாக வாசித்துக்கொண்டு போவதுதான் மிச்சம். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குதிக்காமல் வழுக்கிப் போகிறார். கட்டைகளில் இருக்கும் ஒரு கருவியில் அது லேசில் வராது.

303-உம் அப்போதுதான் விளங்கியது. திரும்பத் திரும்ப அதே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வரும் அது பாஸ் இல்லை, கிட்டத்தட்ட தம்பூரா. கொஞ்சம் குடித்துவிட்ட தம்பூரா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த திருப்பம் அப்பா. சின்ன வயதிலிருந்து கச்சேரி கேட்டு வளர்ந்தவர். டிசம்பர் தவிர மற்ற மாதங்களிலும் கேட்பவர். மும்பைக்கு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதுவும் சொல்லாமல் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். இந்துஸ்தானியின் பைரவ் என்பது நம்முடைய கர்நாடக இசையில் மாயாமாளவகௌளை, பாட்டுக் கற்க ஆரம்பிப்பவர்கள் சரளி வரிசை பாடும் ராகம். அரை நிமிடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "யாருடா இது, சரளி வரிசையை மாவு மிஷினில் அரைக்கிறான்?"

பிறகு பேப்பர் மடிந்தது. அதன்பின் நடந்தது ஒரு விளையாட்டு. பூபாலி வந்தது, "மோகனம்" என்றார். தோடி என்று நான் படித்ததும், "தோடியா? சுபபந்துவராளிடா இது. அவங்க தோடி வேற, நம்ம தோடி வேற" என்று ஒரு சின்ன வகுப்பு. மதுவந்திக்கு தர்மவதி, மேக் மல்ஹாரில் மத்யமாவதியின் சாயல், யமனுக்குக் கல்யாணி, கலாவதிக்கு வலஜி. மால்கௌன்ஸ் வந்தபோது பதில் சொல்லவில்லை. வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டிஸ்கோவின் நாலு அடியை இரண்டு முறை எண்ணினால் எட்டு, கணக்கு சரியாக உட்கார்ந்துவிடுகிறது. பாட்டு முடிந்ததும்தான் வாயைத் திறந்தார்: "ஹிந்தோளம். பரவாயில்லை, பஞ்சமத்தைத் தொடாம ஒழுங்காத்தான் வாசிக்கறான்." பஞ்சமம் என்பது 'ப' சுரம், அந்த ராகத்தில் அது கிடையாது.

குறையும் அவரே சொன்னார். எல்லாமே ஏறக்குறைய ஒரே காலப்பிரமாணம், அதாவது ஒரே வேகம். நின்று நிதானமாக ஆலாபனை இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு ராகத்தின் வாசலைக் காட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். 12 வருஷம் கேட்ட பிறகும் இந்தக் குறை எனக்கும் குறைதான். யமன் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். கலாவதி எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை. அதன் துள்ளலோடு இந்த அடி சேரும்போது இனிப்புக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். 808-இன் அடி 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. மேலே இருக்கும் கொப்பளிப்பு மட்டும் கேட்டு, கொசு பாடுவது போலத் தெரியும். சுமாரான ஹெட்போன் போதும். கார் இருந்தால் இன்னும் நல்லது. சமைக்கும்போது நன்றாக இருக்கிறது, எழுதும்போது இல்லை. தூங்குவதற்கு மறந்தும் போட வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். தட்டு விடியற்கால ராகமான பைரவில் ஆரம்பித்து, மறுபடியும் காலை ராகமான பைராகியில் முடிகிறது. நம்முடைய ரேவதி. சிடியைத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டால் விடியலிலிருந்து விடியலுக்குப் போகும். அவர் திட்டமிட்டாரோ இல்லையோ, நடுவில் சாயங்கால ராகமான பூபாலி காலை வேளைக்குள் புகுந்திருப்பதைப் பார்த்தால் திட்டம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அந்தச் சேர்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆக, "அசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்" என்ற பட்டத்தை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இவரைக் கேட்டுத்தான் சிகாகோக்காரர்கள் அப்படி வாசித்தார்கள் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை, விற்காத தட்டை யார் கேட்டிருப்பார்கள்? ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு விதமான ஆட்களிடம் சிக்கியது, அவ்வளவுதான். அவர்கள் குமிழைத் திருகிச் சத்தத்தையே பாட்டாக்கினார்கள். இவருக்கு ஏற்கெனவே பாட்டு கையில் இருந்தது. முதல் ஆள் யார் என்ற பந்தயத்தில் இந்தத் தட்டை நிறுத்தினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். எனக்கு அலுத்தது.

சரண்ஜித் சிங் கடைசிக் காலத்தில் ஐரோப்பாவில் மேடையேறி இந்த ராகங்களை வாசித்தார். முப்பது வருஷம் தள்ளிக் கிடைத்த கூட்டம். 2015 ஜூலையில் மும்பையில் இறந்துபோனார். அதே ஊரில் அரைமணித் தூரத்தில் இருந்துகொண்டு, ரயிலில் தினமும் அவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது?

சிடி ப்ளேயர் போய்விட்டது, உடைந்த உறையை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். பாட்டு போனில் இருக்கிறது. அப்பா போனில் பேசும்போது எப்போதாவது, "அந்த மிஷின்காரன் ஹிந்தோளத்தை அனுப்புடா" என்பார். அனுப்பியதை எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியாது, அதனால் மறுபடி அனுப்புவேன். நான் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது பாட்டான லலித்தில். நம்முடைய லலிதாவைப் போலவே அதிலும் பஞ்சமம் கிடையாது, ஆனால் மத்யமம், அதாவது 'ம' சுரம், இரண்டு, அதுவும் பக்கத்தில் பக்கத்தில். எந்த மத்யமத்திலிருந்து எதற்கு எப்போது வழுக்குகிறார் என்று பிடிக்கப் பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாகப் பிடித்ததில்லை.