பிஎச்பி 5.6-லிருந்து 8-க்கு: ஒரே தாவலா, 7.4 வழியாகவா?

கோத்தகிரியில் மாமா நடத்தும் தங்கும் விடுதியின் புக்கிங் தளம், இணையதளங்களை எழுதும் நிரல்மொழியான பிஎச்பியின் 5.6 பதிப்பில் எழுதியது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2018 இறுதியிலேயே முடிந்துவிட்டது. மே மாத சீசனுக்கு முன் மாற்றியாக வேண்டும்.

நேராக 8-க்குத் தாவினால் வேலை ஒரே முறை. ஆனால் எல்லாம் ஒன்றாக உடையும். தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 7.0-இலேயே நீக்கப்பட்டவை, அவற்றை அதே வேலைக்கான புதிய வழிகளான மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றுவது எந்த வழியிலும் தப்பாது. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஈச் ஃபங்ஷனும் 8-இல் கிடையாது. பக்கம் வெள்ளையாக நிற்கும், வெளியே மூடுபனி மாதிரி.

7.4-இல் நின்று போனால், ஈச் ஓடும். கூடவே 'இது போகப்போகிறது' என்று எச்சரிக்கும். எச்சரிக்கைகள் பதிவாகும் லாகைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தலாம். நாள் கூடும், பதற்றம் குறையும்.

ஒன்றை மட்டும் 7.4-உம் சொல்லிக்கொடுக்காது. எண் 0-வையும் 'காலி' என்ற சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 7 வரை 'ஆம்', 8-இல் 'இல்லை'. எங்கள் கோடில் காலி அறைக்கு எண் 0! பிழைச் செய்தியே வராமல் எல்லா அறையும் நிரம்பியதாகக் காட்டியது. மாமா முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் போனே வரவில்லை என்று கவனித்தார்.

என் ஓட்டு 7.4 வழிக்கே, ஆனால் வீட்டு லேப்டாப்பில் மட்டும். 7.4-இன் ஆதரவும் 2022 நவம்பரில் முடிந்தது. சர்வரில் நேராக 8-தான்.