ஐம்பத்தோரு வயதில் எட்டு போட வைத்த ஸ்கூட்டர் வகுப்பு

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம் தாண்டி, பிளாட் போட்டு இன்னும் வீடு எழும்பாத தெருக்களில் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டர் பழக்குகிறார். பெண்களுக்கு மட்டும். போர்டு கிடையாது. பத்து வகுப்புக்கு 3,500 ரூபாய், வண்டி அவருடையது. எல்எல்ஆர் எடுக்காமல் போனால் வண்டியைத் தொட விட மாட்டார்.

நான் பள்ளி ஆசிரியை. போன வருஷம் வேறோர் இடத்தில் பணம் கட்டிப் பழகினேன். அங்கே பின்னால் உட்கார்ந்தவரே ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு, "தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்து நாளில் தனியாகப் பத்தடி போக வரவில்லை.

இங்கே முதல் நாள் இஞ்சினையே ஆன் செய்யவில்லை. லேசான இறக்கத்தில் இரண்டு காலாலும் தள்ளி, வண்டியை உருளவிட்டு, பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். முப்பது தடவையாவது செய்திருப்பேன். நான் எங்கே கால் ஊன்றினேனோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுநாள் அதைக் காட்டி, "உங்களால முடியும்னுலாம் நான் சொல்ல மாட்டேன் டீச்சர். நேத்து எங்க கால ஊனுனிய, இன்னைக்கு எங்க ஊனுனிய, நீங்களே பாருங்க" என்றார். நாலாம் நாள் கோடு தெருமுனையில் இருந்தது.

பி.எட். படித்தபோது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதைப் பரீட்சைக்காகப் படித்தேன். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு நாலு ஊற்று உண்டு, அதில் வலுவானது தானே செய்து ஜெயித்த அனுபவம், பிறர் வாய்ச்சொல் அந்த அளவு நிற்காது என்பார். அந்தக் கோடுகளைவிட நல்ல விளக்கம் நான் எங்கும் பார்க்கவில்லை.

நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் அந்த நாலில் ஒன்று. கூடப் பழகிய காலேஜ் பிள்ளை சர்ரென்று போனபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்தவர், முழங்கால் வலியோடு ஒரு தெருவைச் சுற்றி வந்தார். சரி, அடுத்தது நான் என்று எழுந்துவிட்டேன்.

ஆறாம் நாள் கை நடுங்கியது. பயம் என்று நினைத்து இறங்கப் போனேன். "பயமில்ல டீச்சர், இறுக்கிப் புடிச்சிருக்கிய. தோள இறக்குங்க" என்றார். இறக்கினேன், நடுக்கம் நின்றது.

குறை உண்டு. ஒரு பக்கக் கண்ணாடி ஆடுகிறது. ஆடிக் காற்று பலமாக இருந்தால் வகுப்பு கிடையாது, அதை முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். இரண்டு நாள் விடியற்காலையில் ஆட்டோ பிடித்துப் போய்த் திரும்பினேன். எனக்குக் கோபம்தான்.

ஆனால் எட்டு போடுவதற்கு மட்டும் மூன்று வகுப்பு ஒதுக்கினார். முன்சக்கரத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுதும் விடாமல் பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் கால் ஊன்றாமல் முடித்தேன்.

இப்போது சுலோச்சன முதலியார் பாலத்தில் தினமும் போய் வருகிறேன். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் இன்னும் ஏறவில்லை. அதற்காக அவரிடம் இரண்டு வகுப்பு கூடுதலாகக் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.