பாம்பன் ஃபைபர் பட்டறைல செஞ்சு வாங்குன எலி மேஸ், யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

பார்மகாலஜி, அதாவது மருந்து உடம்புல எப்படி வேல செய்யுதுன்னு ரிசர்ச் பண்றவங்களுக்கான ரிவ்யூ இது, மத்தவங்க படிச்சாலும் தப்பில்ல. எலிவேட்டட் ப்ளஸ் மேஸ்னா எலியோட பயத்த அளக்க கூட்டல் குறி மாதிரி நாலு கை வச்சு உசத்தி நிறுத்துன மேடை, சுவரில்லாத தெறந்த கைக்கு போக எலி பயப்படும். அத கம்பெனில வாங்க நம்ம ஸ்டைபெண்ட் தாங்காது, பிளைவுட்ல அடிச்சா மூத்திரம் ஊறி அடுத்த எலி அந்த வாடைக்கே மிரண்டு நிக்கும். அதான் ஊருக்கு வந்தப்ப பாம்பன்ல வள்ளம் செய்ற ஒரு ஃபைபர் பட்டறைல அளவு எழுதி குடுத்தேன். கை ஒவ்வொண்ணும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், எதிரெதிர் ரெண்டு கைக்கு மட்டும் 40 செ.மீ. சுவரு, தரைலேர்ந்து 50 செ.மீ. உசரம். "எலிக்கா தம்பி இம்புட்டு அளவு?"ன்னு சிரிச்சாரு அண்ணன், ஆனா டேப் வச்சு பாத்தா எந்த கையும் பிசகல.

இவ்வளவு கறாரா ஏன் பாக்குறோம்னா, செரட்டோனின்ங்கற மூளை ரசாயனத்து வழியா வேல செய்ற மருந்த டெஸ்ட் பண்றவனுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும். டயஸிபாம்ங்கற பயம் குறைக்குற மருந்து போட்டா எலி தெறந்த கைக்கு பயமில்லாம போகும், சிக்கலே இல்ல. பஸ்பிரோன்ங்கற செரட்டோனின் மருந்து அப்படி கிடையாது, ஒரு லேப்ல பயம் குறையுது, இன்னொரு லேப்ல ஒண்ணுமே நடக்கல, சில பேப்பர்ல பயம் கூடியே போகுது. அது பிடிக்கிற 5-ஹெச்டி1ஏ ரிசப்டர் (செல்லுல செரட்டோனின் வந்து ஒட்டுற இடத்துல ஒரு வகை) மூளைத்தண்டுல இருக்குற ரேஃபில செரட்டோனின் செல்லு மேலயே இருக்கு, அங்க பிடிச்சா அந்த செல்லு அடங்கிரும், அதே ரிசப்டர் ஹிப்போகாம்பஸ்ங்கற மூளைப் பகுதில செரட்டோனின வாங்குற செல்லுலயும் இருக்கு, எந்தப்பக்கம் இழுக்குங்கறது டோஸ பொறுத்து மாறும். டோஸ் கூடுனா எலி நடக்குறதே குறைஞ்சிரும், அதனால மூடுன கைக்கு எத்தன தடவ போச்சுன்னும் எண்ணியே ஆகணும். எம்சிபிபிங்கற இன்னொரு ரசாயனம் போட்டா 2சிங்கற வேற செரட்டோனின் ரிசப்டர் வழியா பயம் ஏறி மூடுன கைக்குள்ளயே பம்மிக்கிட்டு கெடக்கும். மருந்தே இப்படி ஆடுறப்ப மேஸும் ஆடுச்சுன்னா தீசிஸ் காலி.

இப்ப குறை. தெறந்த கைக்கு விளிம்பே வேணாம்னு வரைஞ்சு குடுத்திருந்தும், எலி விழுந்துரக்கூடாதுன்னு அண்ணன் பாவம் பாத்து வள்ளத்துக்கு வைக்கிற மாதிரி ஓரத்துல ஒரு விளிம்பு ஏத்தி விட்டுட்டாரு. பிடிமானம் இருந்தா எலி மருந்தில்லாமலே தெறந்த கைல கூடுதலா சுத்தும், அந்த வித்தியாசத்த மருந்து பண்ணுச்சுன்னு நெனச்சு ஏமாறுவோம். சொன்னதும் காசு வாங்காம தேய்ச்சு குடுத்தாரு, அது பெரிய விசயம். ரெண்டாவது, ஃபைபர் மேல பூசுற ஜெல்கோட் வெள்ளைல அடிச்சிருந்தாரு, லேப்ல வளக்குற விஸ்டார் வகை எலியும் வெள்ளை, கேமரால ட்ராக்கிங் சாஃப்ட்வேருக்கு எலியே தெரியல, தரைக்கு மட்டும் சாம்பல் கலர் மறுபடி அடிக்க வேண்டியதா போச்சு. ரெசின் வாடை போக மொட்ட மாடில கடல் காத்துல போட்டு வச்சேன், அவசரத்துக்கு ஆகாது.

மத்தபடி ஆல்கஹால் தொடச்சா வாடை நிக்கல, ஊறல, வளையல. 5க்கு 4 தரலாம். டிஓஐங்கற ரசாயனம் போட்டு சுண்டெலி தலை உதறுறத எண்ணி 2ஏங்கற செரட்டோனின் ரிசப்டர ஆராயுற ஆளுங்களுக்கு இது தேவையே இல்ல, ஒரு கண்ணாடி ஜாடி போதும். பேய்க்கணவாய் எச்சில் சுரப்பில செரட்டோனின் இருக்குன்னு எர்ஸ்பாமர்ங்கற இத்தாலி விஞ்ஞானி கண்டுபிடிச்ச கதைய அண்ணன்கிட்ட சொன்னேன், இன்னும் நம்பல.

ஆர்டர் குடுக்குறவங்க ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல போய் நிக்காதீங்க, கரைல ஏத்துன போட் எல்லாத்துக்கும் அப்பதான் ரிப்பேர் வேலை, எலி மேஸ யாரும் சீண்ட மாட்டாங்க.