வெள்ளணு ஈஸ்ட்டை விழுங்குவதைக் காட்டிய நுண்ணோக்கி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் வழியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்பியல் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மூன்று மடல் கொண்ட உட்கருவை வரைந்து, ‘இது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, கிருமியை விழுங்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடுவது என் வழக்கம். விழுங்குவதை நானே ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை என்ற உறுத்தல் இருபது ஆண்டுகளாக இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் சென்ற ஆண்டு சொந்தப் பணத்தில் 14,500 ரூபாய் கொடுத்து, திருச்சியில் உள்ள ஓர் அறிவியல் கருவிக் கடையில் இருகண் நுண்ணோக்கி ஒன்றை வாங்கினேன். கருவி ஹரியானாவின் அம்பாலாவில் செய்யப்பட்டது. நம் நாட்டுப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கான கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘2000 மடங்கு’ என்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 100 மடங்கு பொருளருகு லென்ஸுடன் 20 மடங்கு கண்ணருகு லென்ஸைப் பொருத்தினால் பெருக்கல் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பொருளருகு லென்ஸின் எண்துளை மதிப்பு, அதாவது ஒளியை வாங்கிக்கொள்ளும் திறனின் அளவு, 1.25. அதன்படி ஒளியின் அலைநீளம் விதிக்கும் எல்லை ஏறத்தாழ கால் மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அவை ஒரே மங்கல் புள்ளியாகத்தான் தெரியும். செய்தித்தாளில் வந்த படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் பருப்பதைத் தவிர முகம் தெளிவாவதில்லை அல்லவா, அதே கதைதான். 1000 மடங்குக்கு மேல் இந்தக் கருவியில் பயன் ஏதும் இல்லை. 20 மடங்குக் கண்ணருகு லென்ஸைக் கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். ‘இதில் கொரோனா வைரஸைக்கூடப் பார்க்கலாம் சார்’ என்று கடைக்காரர் சொன்னதையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுவிட வேண்டியதுதான். அந்த வைரஸ் சுமார் 0.1 மைக்ரான் அளவே கொண்டது.

இனிக் கருவி உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதற்கு வருகிறேன். விரல்நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெலிதாக இழுத்துப் பூசி, உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, அமிலகார நிலையை மாறாமல் வைக்கும் தாங்கல் நீரை இரு மடங்கு சேர்த்து, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். தாங்கல் நீர் தீர்ந்துபோன ஒரு நாளில் பள்ளி ஆழ்குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். தகடு முழுவதும் நீலம் பாரித்து, எந்தச் செல் எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் காரத்தன்மை உடையது. இந்தச் சாயத்துக்கோ 6.8 என்ற அமிலகார நிலை வேண்டும். சரியான நீரில் செய்தபோது 40 மடங்கு பொருளருகு லென்ஸிலேயே சிவப்பணுக்களின் வெளிறிய நடுப்பகுதி துலக்கமாகத் தெரிந்தது. ஏறத்தாழ எழுநூறு சிவப்பணுக்களுக்கு ஒரு வெள்ளணு என்பதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தகட்டை நகர்த்தும் திருகுகள் வழுக்காமல், விட்ட இடத்திலேயே நிற்பதால் அந்தத் தேடல் எளிதாக இருந்தது. எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸுக்கு மாறியதும் நியூட்ரோஃபிலின் மடல்களை இணைக்கும் நூல் போன்ற இழையும், ஈசினோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவின் செங்காவிக் குருணைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. புழுவால் வரும் யானைக்கால் நோய்க்குப் பெயர்போன ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு, புழுத் தொற்றின்போது ஈசினோஃபில்களின் எண்ணிக்கை கூடும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

சாயமேற்றிய தகட்டில் இருப்பவை இறந்த செல்கள். நான் பார்க்க விரும்பியது விழுங்கும் செயலை. பள்ளி திறந்த வாரத்தில், அறையின் வெப்பமானி பிற்பகலில் 36 டிகிரியைத் தொட்டு நின்றபோது, தனியாக வெப்பப்பெட்டி எதற்கு என்று தோன்றியது. தெரிந்த ஆய்வகப் பணியாளர் ஒருவர் என் கையிலிருந்து 2 மில்லி இரத்தம் எடுத்துக் கொடுத்தார். மாணவர்கள் எவரையும் குத்தவில்லை. அவர்கள் கையுறையோடு பார்வையாளர்களாக மட்டும் இருந்தார்கள். சில துளிகளைக் கவர் ஸ்லிப்பின் மேல் விட்டு, ஈரத் தாள் விரித்த மூடிய தட்டில் நாற்பது நிமிடம் வைத்தோம். உறைந்த இரத்தக்கட்டியை உப்புநீரால் மெல்ல அலசியபோது சிவப்பணுக்கள் கட்டியோடு வழுக்கிப் போயின. கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய நியூட்ரோஃபில்களும் மோனோசைட் என்ற வகை வெள்ளணுக்கள் சிலவும் மட்டும் ஒட்டியபடி எஞ்சின. மிச்ச இரத்தத்தைக் குழாயில் உறையவிட்டு, மேலே தெளிந்து நின்ற சீரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டோம். ரொட்டிக் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஒரு பங்கை அந்தச் சீரத்திலும் இன்னொரு பங்கை வெறும் உப்புநீரிலும் ஊற வைத்து, தனித்தனிக் கவர் ஸ்லிப்பில் செல்களின் மேல் விட்டோம்.

இந்த இடத்தில் கருவியைப் பற்றி ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். சாயமில்லாத உயிருள்ள செல் கண்ணாடி போன்றது. விளக்கை முழுவதும் ஏற்றி வைத்தால் ஒன்றுமே தெரியாது. ஒளிக்குவிப்பானின் கீழுள்ள இதழ்த் திரையை ஏறக்குறைய முழுவதும் மூடி, ஒளியைக் குறைத்துப் பார்த்தால்தான் விளிம்புகள் எழுந்து வரும். இந்தக் கருவியில் அந்தத் திரையின் நெம்பு சீராக நகர்கிறது. ஒளியையும் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறது. இந்த விலையில் கிடைக்கும் பல கருவிகளில் திரைக்குப் பதிலாக ஓட்டை போட்ட வட்டத் தகடு மட்டுமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் சொல்லும் காட்சியைப் பார்ப்பது கடினம்.

400 மடங்கில் ஒரு நியூட்ரோஃபிலைப் பிடித்து நிறுத்தினோம். முதலில் அது அசையவில்லை என்றே தோன்றியது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே குருணைகள் பொங்குவது தெரிந்தது. பிறகு ஒரு பக்கம் நாக்கு நீள்வதுபோல் வெளிறிய சவ்வு நீண்டது. உடல் அதன் பின்னால் வழிந்து சென்றது. நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகம், அதாவது ஏறக்குறைய தன் உடலளவு தூரம். ஈஸ்ட் செல் ஒன்றைத் தொட்டதும் அந்தச் சவ்வு அதன் இருபுறமும் குவளைபோல் எழும்பியது. சில நிமிடங்களில் விளிம்புகள் சேர்ந்து மூடிக்கொண்டன. ஈஸ்ட் உள்ளே ஒரு பளபளத்த உருண்டையாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாணவி, தொண்டைக்குழியில் உருண்டை இறங்குவதுபோல் இருக்கிறது என்றாள். இருபது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் போட்ட வட்டத்தைவிட அவள் சொன்னது சரியாக இருந்தது.

சீரத்தில் ஊறிய பங்கில் பெரும்பாலான செல்களுக்குள் ஒன்று முதல் நான்கு ஈஸ்ட்கள் வரை இருந்தன. உப்புநீரில் ஊறிய பங்கில் தேடித் தேடித்தான் ஓரிரண்டு கிடைத்தன. காரணம் சீரத்தில் உள்ள நிரப்புப் புரதங்கள். நுண்ணுயிரியின் மேற்பரப்பில் அவற்றுள் சி3 என்னும் புரதம் பிளவுபட்டு, அதன் துண்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நியூட்ரோஃபிலின் சவ்வில் அந்தத் துண்டை அடையாளம் காணும் ஏற்பிகள் உள்ளன. எதிர்ப்பொருள்கள் இருந்தால் அவையும் இதே வேலையைச் செய்யும். ஆம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் 1903இல் சீரத்தின் இந்தப் பண்புக்கு ‘ஆப்சனின்’ என்று பெயரிட்டார்கள். உண்பதற்குப் பக்குவம் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதைச் சொன்னதும் பின்வரிசைப் பையன் ஒருவன், ‘தொட்டுக்க ஒன்றும் இல்லாமல் அதுவும் சாப்பிடாது போலிருக்கு சார்’ என்றான். எங்கள் வகுப்பில் ஆப்சனினுக்கு இப்போது ‘வெஞ்சனம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சாயத்துக்குப் பெயர் தந்த வில்லியம் லீஷ்மனும் இந்தக் கதையில் வேறு இரண்டு இடங்களில் வருகிறார். வெள்ளணு எத்தனை கிருமிகளை விழுங்குகிறது என்று எண்ணி அளக்கும் முறையை 1902இல் வகுத்தவர் அவர். ரைட் அதைத்தான் மேம்படுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு, காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நோயின் ஒட்டுண்ணியை அவரும், சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனவனும் தனித்தனியே விவரித்தார்கள். லீஷ்மேனியா டோனவனி என்று இருவர் பெயரையும் சுமக்கும் அந்த ஒட்டுண்ணி, தன்னை விழுங்கிய மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுவது. கருவியுடன் வந்த ஆயத்தத் தகடுகளில் அது ஒன்று. 1000 மடங்கில் மேக்ரோபேஜ் ஒன்றினுள் சிறு முட்டை வடிவங்களாக அது அடைந்து கிடப்பதைக் காண முடிகிறது. விழுங்கப்பட்டதெல்லாம் செரிக்கப்பட்டுவிடும் என்ற எண்ணத்தைக் கலைக்க அந்த ஒரு தகடு போதும்.

காட்டாதவற்றையும் சொல்ல வேண்டும். விழுங்கிய பிறகு செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம்களும் குருணைகளும் இரையைச் சூழ்ந்த சவ்வுப் பையோடு இணைந்து நஞ்சை உள்ளே கொட்டுவது இந்தக் கருவிக்கு எட்டாது. காசநோய்க் கிருமி மேக்ரோபேஜுக்குள் அந்த இணைப்பையே தடுத்துப் பிழைத்துக்கொள்வதும் எட்டாது. பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்புச் சர்க்கரையை உணரும், ‘டோல் போன்ற ஏற்பிகள்’ எனப்படும் புரதங்களைப் பற்றிய ஆய்வு 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றது. அந்த ஏற்பிகளை எந்தப் பள்ளி நுண்ணோக்கியிலும் பார்க்க இயலாது. டி செல்லும் பி செல்லும்கூட இதில் ஒன்றுபோலவே தெரியும், இரண்டும் ‘லிம்ஃபோசைட்’ என்ற ஒரே நீல உருண்டைதான். ஈஸ்ட்டுக்குப் பதிலாகத் தயிர்ப் பாக்டீரியாவை விட்டும் முயன்றோம். தயிர்நீரில் கோல்களும் மணிச்சரங்களும் நன்றாகத் தெரிந்தாலும், ஒரு மைக்ரான் தடிமனே உள்ள அவை நியூட்ரோஃபிலுக்குள் போனபின் அதன் சொந்தக் குருணைகளிலிருந்து பிரித்துக் காண முடியவில்லை. ஈஸ்ட்டே பாடத்துக்கு ஏற்றது.

வயல் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, வைக்கோல் ஊறிய தண்ணீரில் பாரமீசியத்தைப் பிடித்து, காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றிய ஈஸ்ட்டைக் கொடுத்தோம். உணவுக்குமிழுக்குள் அமிலம் ஏற ஏறச் சிவப்பு நீலமாக மாறியது. ஒற்றைச் செல் உயிரி இரை தின்பதும் வெள்ளணு கிருமியை விழுங்குவதும் ஒரே பழைய பழக்கத்தின் இரு வடிவங்கள் என்பது ரஷ்ய விலங்கியலாளர் எலி மெச்னிகாஃபின் எண்ணம். 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில், நட்சத்திர மீனின் ஒளிபுகும் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் முள்ளைச் சூழ்ந்து செல்கள் மொய்த்திருந்ததைக் கண்டவர் அவர். 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. அவருடைய கருவி என் கருவியைவிட மேலானதாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

குறைகளுக்கு வருகிறேன். உடன் தந்த எண்ணெய் மூன்றே மாதத்தில் கெட்டியாகிவிட்டது. வேறு வாங்க வேண்டியிருந்தது. கைப்பேசியைப் பொருத்தும் பிடிமானம் ஆடிக்கொண்டே இருப்பதால் காணொளி எடுக்க இயலவில்லை. நூலால் கட்டித்தான் சமாளித்தோம். விளக்குக்கு மின்கலம் இருப்பது நல்ல வசதி, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. 2018இல் கஜா புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத நாட்களில் பள்ளியின் பழைய ஒற்றைக்கண் நுண்ணோக்கி கண்ணாடியில் வெயிலை வாங்கிக்கொண்டு வேலை செய்தது. இதில் அப்படிக் கண்ணாடி பொருத்த இடமே வைக்கவில்லை, டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய குறை இது. ஐப்பசி மழையில் லென்ஸில் பூஞ்சை படரும் ஆபத்தும் உண்டு. வெள்ளணு இல்லாத பொருள் என்பதால் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் லென்ஸ்களை வைக்கிறேன், இதுவரை பழுதில்லை.

கடையின் மீது எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. ஆயத்தத் தகடுகளில் ‘மனித இரத்தம்’ என்று ஒட்டியிருந்த ஒன்றை முதல் நாளே பார்த்தேன். சிவப்பணுக்கள் எல்லாம் நீள்வட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிற உட்கரு. மனிதச் சிவப்பணுவில் உட்கரு ஏது? அது தவளை இரத்தம். தொலைபேசியில் கேட்டபோது, ‘இரத்தம் இரத்தம்தானே சார், பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது’ என்றார். மாற்றித் தரவும் இல்லை. அந்தத் தகட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பின் முதல் நாளில், ஒட்டிய பெயரோடு அப்படியே நுண்ணோக்கியில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லப் போகிறேன். இந்த ஆண்டு அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.