ஆறு வருடமாக ஒரு பன்ட்டம்

2019 இல் நான் காசு கொடுத்து வாங்கியது பெயின்டை. அதற்குள் பிஎஸ்ஏ என்ற இங்கிலாந்துக் கம்பனியின் பழைய மோட்டார் சைக்கிள், ஒரு பன்ட்டம் டி1, இருந்தது, அவ்வளவுதான். பளபளவென்று வெளிர்பச்சை, டாங்கியில் கூவும் சேவல். விலையைச் சொல்ல மாட்டேன், இதை என் மனைவியும் வாசிப்பாள்.

பதிவுப் புத்தகத்தில் 1957 என்று இருக்கிறது. 123 சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்றே கியர். 1948 இல் வந்த இந்த வண்டியின் மூலம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 என்ற பைக். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வரைபடம் இங்கிலாந்துக்குப் போனது. பிஎஸ்ஏ அதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாக மாற்றியது. அதனால் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேலை நாட்களில் நான் ஓட்டுவது வேறு பைக். ஒரு ஞாயிறு காலி வீதியில் முன்னால் போன 100 ஆம் இலக்க பஸ் சடாரென்று நிற்க, பழக்கத்தில் வலது காலை அழுத்தினேன். கியர்தான் மாறியது. நல்லவேளை, இடது பக்கம் ஒதுங்க இடமிருந்தது.

வாங்கி இரண்டாம் மாதம் புகை தொடங்கியது. டூ ஸ்ட்ரோக் என்றால் புகைக்கும்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் இது வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க நின்றது. கியர் எண்ணெயும் வாராவாரம் குறைந்தது, நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். வண்டியைத் தொடவே இல்லை, எட்டி நின்று பார்த்தார். "தம்பி, நிலத்தில எண்ணெய் இல்லையெண்டா எங்க போகுது? மேலதான் போகுது." எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் எண்ணெயைத் தடுக்கும் கிராங் சீல் தேய்ந்து, கியர் பக்கத்து எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. சீல் சின்னச் சாமான். அதை மாற்ற எஞ்சினைக் கழற்றி இரண்டாகப் பிளக்க வேண்டும். விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார்: மில்லிமீற்றர் ஸ்பெனரோடு இந்த வண்டிக்குக் கிட்ட வரக் கூடாது. நான் ஏற்கனவே வந்திருந்தேன். மூன்று நட்டின் மூலைகளை உருட்டி வைத்தது நான்தான். இதற்கு விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பெனர் வேண்டும். பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு முழுக் காலை அலைந்து, துருப்பிடித்த இரும்புக் குவியலுக்குள் நான்கு பொறுக்கினேன். பிஸ்டன் ரிங், சீல் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். 2022 இல் ரூபாய் சரிந்தபோது என்ன பாடுபட்டேன் என்பது தனிக் கதை.

அதே வருடம் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்தார்கள். பன்ட்டம் எனக்கு லீற்றருக்கு 40 கிலோமீற்றர் அளவில் தருகிறது, ஆகவே அந்த 4 லீற்றரே தாராளம். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலோடு எண்ணெயும் கலக்க வேண்டும், அதை அளக்கப் பெற்றோல் மூடியிலேயே ஒரு சின்னக் குவளை உண்டு. வரிசையில் நின்று அதை நிரப்பி ஊற்றிவிட்டு, கலக்க வேண்டுமென்று வண்டியை இடமும் வலமும் ஆட்டுவேன். பின்னால் நின்றவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்றே நினைத்திருப்பார்கள்.

வெளிச்சம்? எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத்தான் லைட். சிக்னலில் நின்றால் மின்மினி. இருட்டில் நான் எடுப்பதில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று குரோமைத் தின்கிறது, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். நிறுத்தியதும் பெற்றோல் டெப்பை மூட மறந்தால் மறுநாள் உதைத்து உதைத்துக் கால் வீங்கும்.

இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. இதற்கு எதிராக வடக்கு கிழக்கில் போராடித் தார் பூசிய காலம் உண்டு. இன்று பையன்கள் அதைத்தான் முதலில் படமெடுக்கிறார்கள். என் பெரியப்பா மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பெயின்டைக் கடைசியாகப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் ஓப்பன் பேப்பரோடு, அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு, கைமாறியவை நிறைய. என்னுடையது பொருந்தியது, அது என் சாமர்த்தியமல்ல. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்துப் புகையின் நிறத்தைக் கவனியுங்கள்.

இப்போது ஹேண்டில் கழுத்தருகில் பச்சை உரிகிறது. அடியில் இன்னொரு பச்சை தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக. இந்த முறை பெயின்ட் அடிக்கக் கொடுக்கவில்லை.