இணைப்பு போனது, முகவரியும் போனது: சொந்த டொமைனில் எட்டு வருட மின்னஞ்சல்

2017-ல் வீடு மாறினோம். பழைய நிறுவனத்தின் பிராட்பேண்ட் புதிய வீட்டுக்கு வராது என்றார்கள். சரி, வேறு இணைப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று பழையதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதினோரு வருடமாக நான் வைத்திருந்த மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனம் கொடுத்ததுதான். இணைப்போடு அதுவும் போய்விடும் என்று அப்போது தோன்றவே இல்லை. சில வாரங்கள் கழித்து உள்ளே நுழைய முடியவில்லை. போன் செய்து கேட்டால், கணக்கை மூடினால் அஞ்சல்பெட்டியும் நீக்கப்படும் என்ற பதில் வந்தது.

கடிதங்களைக் கணினிக்கே கொண்டுவரும் பாப் முறையில், தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியில் இறக்கி வைத்திருந்ததால் பழைய கடிதங்கள் பெரும்பாலும் கணினியில் பத்திரமாக இருந்தன. அடி வேறு இடத்தில் விழுந்தது. காப்பீட்டுத் தளத்தின் கடவுச்சொல் மறந்துபோய் 'மீட்டெடு' என்று அழுத்தினால், அதற்கான லிங்க் மூடப்பட்ட பெட்டிக்குப் போகிறது. முகவரியை மாற்றலாம் என்றால், அதை உறுதிப்படுத்தும் எண்ணும் அங்கேயே போகிறது. இப்படி ஏழெட்டு கணக்குகள். சிலவற்றுக்கு அடையாளச் சான்று அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து மீட்டேன். இரண்டை மீட்கவே முடியவில்லை.

இணைப்பை மாற்றாமல் இருந்தால் தப்பித்திருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. அதே 2017-ல் அமெரிக்காவின் இணைப்பு நிறுவனமான வெரைசன் மின்னஞ்சல் தொழிலையே விட்டு விலகியது. பழைய முகவரி வேண்டும் என்றவர்கள் ஏஓஎல் என்ற மின்னஞ்சல் சேவைக்கு மாற வேண்டியிருந்தது. இணைப்பு விற்பவருக்கு மின்னஞ்சல் ஓர் இலவச இணைப்புப் பொருள், அவ்வளவுதான். என் வாழ்க்கையின் பாதிக் கதவுகளுக்கு அதுதான் சாவி.

உடனடித் தேவைக்கு ஜிமெயிலில் ஒரு கணக்கு தொடங்கினேன். தேடலிலும் குப்பை அஞ்சலைப் பிடிப்பதிலும் அதன் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பினால் கடிதம் வருவதும் நிற்கும். அதைவிட, முகவரியின் பின்பாதி மறுபடியும் ஒரு நிறுவனத்தின் பெயராகவே இருந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், பதிவு செய்தேன். டொமைன் என்னுடையது. அதற்கு வரும் கடிதங்களை எந்தச் சேவையின் சர்வரில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதை எம்எக்ஸ் பதிவு என்ற ஒரு வரி தீர்மானிக்கிறது. நாளைக்குச் சேவையை மாற்ற வேண்டுமானால் அந்த வரியை மாற்றினால் கடிதங்கள் புதிய இடத்துக்கு வரும், முகவரி அப்படியே இருக்கும். இதை யாராவது எனக்குப் பதினோரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பெயர் தேர்வில் ஒரு தவறு செய்தேன். நடுவில் ஒரு கோடு வரும் பெயரை எடுத்தேன். போனில் முகவரி சொல்லும்போதெல்லாம் "நடுவுல ஒரு கோடு, கீழ்க்கோடு இல்ல" என்று விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வீட்டு இணைப்புகளில், சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறார்கள். அது திறந்திருந்தாலும், வீட்டு இணைப்பின் ஐபி எண்ணிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சேவைகள் எளிதில் நம்புவதில்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

முதலில் ஒரு சிறிய கட்டணச் சேவையில் சேர்ந்தேன். முதல் வாரம் நான் அனுப்பியவை எல்லாம் பலருக்குக் குப்பைப் பெட்டியில் போய் விழுந்தன. எஸ்பிஎஃப் பதிவை மட்டும் போட்டுவிட்டு டிகேஐஎம்மை விட்டிருந்தேன். முன்னது எந்த சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது, பின்னது கடிதத்தில் மின்கையொப்பம் இடுகிறது. இரண்டையும் போட்டு, இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு மாலை வேலைதான்.

மூன்று வருடம் கழித்து அந்தச் சேவை அடிக்கடி படுக்க ஆரம்பித்தது. 2020-ல் ஃபாஸ்ட்மெயிலுக்கு மாறினேன். புதிய சேவையில் பெட்டியைத் திறந்து, சர்வரில் உள்ள கடிதங்களை வெளியிலிருந்து திறக்க உதவும் ஐமேப் முறை வழியாகப் பழைய கடிதங்களை இழுத்துக்கொண்டு, எம்எக்ஸ் வரியை மாற்றினேன். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவும் வரை பழைய பெட்டியை ஒரு வாரம் மூடாமல் வைத்திருந்தேன். ஒருவருக்கும் "என் முகவரி மாறிவிட்டது" என்று எழுதவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. 2017-ல் பட்ட பாட்டை நினைத்து அன்று இரவு எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

ஃபாஸ்ட்மெயில் 1999-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இலவசத் திட்டம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. வேகம் நன்றாக இருக்கிறது, எந்தச் செயலியிலும் ஐமேப்பில் வேலை செய்கிறது. முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) இல்லை என்பது தெரிந்தே எடுத்தேன். அது முக்கியம் என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலோ ஜெர்மனியின் டூட்டாவோ பொருந்தும். ஆனால் புரோட்டானைத் தண்டர்பேர்டில் திறக்க 'பிரிட்ஜ்' என்ற தனி மென்பொருள் வேண்டும், அதுவும் கட்டணத் திட்டத்தில்தான். டூட்டாவில் ஐமேப்பே கிடையாது. வெளியேறும் வழியை முதலில் பார்க்கும் ஆள் நான். எனக்கு ஐமேப் இல்லாமல் சரிவராது.

சொந்த டொமைனுக்கும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒரு வருடம், கொடுத்திருந்த அட்டை காலாவதியாகித் தானியங்கிப் புதுப்பித்தல் தோற்றுப்போனது. எச்சரிக்கைக் கடிதங்களை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். டொமைன் முடக்கப்பட்டு இரண்டு நாள் கடிதங்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பின. உடனே பணம் கட்டி மீட்டேன். அசட்டையாக விட்டிருந்தால் வேறு யாராவது அந்தப் பெயரை வாங்கி, எனக்கு வரும் கடிதங்களைத் தன் பெட்டிக்குத் திருப்பியிருக்கலாம். இப்போது பல வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். டாட் காம் போன்ற பெயர்களுக்கு அதிகபட்சம் பத்து வருடம் வரை முடியும். டொமைன் பதிவாளரின் கணக்குக்கு மட்டும் அந்த டொமைனின் முகவரியைக் கொடுக்காமல் ஜிமெயிலைக் கொடுத்திருக்கிறேன். டொமைன் விழுந்தால் அதை மீட்கும் கடிதம் வேறு எங்காவது வந்து சேர வேண்டும்.

இதையெல்லாம்விட நேரம் எடுத்தது, எந்தெந்த இடத்தில் பழைய முகவரி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். இறக்கி வைத்த கடிதங்களில் 'நல்வரவு', 'உறுதிப்படுத்தவும்', 'ரசீது' போன்ற சொற்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டேன். நூற்று நாற்பது தாண்டியது. வங்கி, வரி, மருத்துவம் முதலில். கடைகளும் செய்தி மடல்களும் கடைசியில். முழுதும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழைய இணைப்பு உயிரோடு இருந்தபோதே தொடங்கியிருந்தால் பாதிச் சிரமம்கூட இருந்திருக்காது.

அப்பா இன்னும் தன் இணைப்பு நிறுவனம் கொடுத்த முகவரியையே வைத்திருக்கிறார். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று பல மாதம் பிடி கொடுக்கவில்லை. போன வாரம்தான் சம்மதித்தார். என் டொமைனிலேயே அவர் பெயரில் ஒரு பெட்டி திறந்தாயிற்று. இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டதில் முப்பத்தாறு இடங்கள் வந்தன. ஓய்வூதியக் கணக்கு முடிந்தது. நாளைக்கு வங்கி.