ந.க. எண் முதல் கூகுள் வால்ட் வரை: நிறுவனக் கோப்புகளை எவ்வளவு காலம் வைப்பது?

2023 செப்டம்பர் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. 2017-18-இல் எடுத்த இன்புட் கிரெடிட்டுக்கான, அதாவது வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை எங்கள் வரியில் கழித்துக்கொண்டதற்கான, பில்களைக் கேட்டிருந்தார்கள். கோவைப் பக்கம் பம்பு உதிரிபாகம் செய்யும் நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. சர்வர், மெயில், பேக்கப் எல்லாம் என் பொறுப்பு. அலமாரியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துச் செருகினேன். டிக், டிக் என்று அடித்துவிட்டு நின்றுபோனது. கழற்றி மறுபடி செருகினேன், அதே சத்தம். மூன்றாவது முறைதான் திறந்தது. கணக்குப் பிரிவு அக்கா அதுவரை என் நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பில்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரும் இருந்தது: 2016-இல் நேர்காணலுக்கு வந்தவர்களின் ஆதார் நகல், மார்க் ஷீட், வீட்டு முகவரி. அவர்களில் பெரும்பாலோருக்கு நாங்கள் வேலையே கொடுக்கவில்லை. கட்டாயம் இருக்க வேண்டியது மயிரிழையில் தப்பியிருந்தது. என்றோ போயிருக்க வேண்டியது அலுங்காமல் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்த முறையைப் பற்றி யார் சொன்னாலும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். அது வைக்க வேண்டியதை வைக்கிறதா? விட வேண்டியதை விடுகிறதா?

மூன்றாவதாக ஒரு காகிதத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். லேத்தில் வேலை பார்த்து 2009-இல் நின்றுகொண்ட ஒருவர், பல வருஷம் கழித்து பி.எஃப். பென்ஷனுக்காக வந்தார். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். வந்ததே 2014-இல்தான். இவர் காலத்துக்கு ஆதாரம், ஒவ்வொருவருக்கும் அந்த வருஷம் கட்டிய பி.எஃப். தொகையைக் காட்டும் பழைய படிவம் 3ஏ-யும் சம்பளப் பட்டியலும்தான். "தம்பி, நான் இங்கே இருந்ததுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆக மூன்று பொருள்கள்: 2017 ஜூலை பில், வேலை கிடைக்காதவரின் ஆதார் நகல், லேத்துக்காரரின் 3ஏ. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனங்களில் நடைமுறையில் இருக்கிற நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

வழிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு கணக்குகளை 72 மாதம் வைக்கச் சொல்கிறது. ஆறு வருஷம்தானே என்று பலர் பில் தேதியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். சட்டப்படி எண்ண வேண்டியது, அந்த நிதியாண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து. 2017-18-க்கு அந்தக் கெடு தள்ளித் தள்ளிப் போய் தமிழ்நாட்டுக்கு 2020 பிப்ரவரி 5-இல் வந்து நின்றது. அப்படியானால் 2017 ஜூலை பில்லை 2026 பிப்ரவரி வரை, அதாவது எட்டரை வருஷம், வைத்திருக்க வேண்டும். பில் தேதியிலிருந்து ஆறு வருஷம் எண்ணி அழித்திருந்தால் 2023 ஜூலையிலேயே போயிருக்கும். நோட்டீஸ் வந்ததோ செப்டம்பரில். அப்பீல் என்று போய்விட்டால் அது முடிந்து ஒரு வருஷம் வரையிலும் வைக்க வேண்டும்.

மற்றவையும் இதே மாதிரிதான். கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டு கேட்கிறது. போர்டு மினிட்ஸ் நிரந்தரம். ஒப்பந்தத்துக்கு அது முடிந்த நாள், ஊழியர் கோப்புக்கு அவர் வேலையை விட்ட நாள் என்று ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் வேறு.

நம் அரசு அலுவலகங்கள் இதை எப்போதோ கண்டுகொண்டன. தாலுகா ஆபீஸ் கடிதத்தில் ந.க. எண் என்று இருந்தால் அந்தக் கோப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அது ஓ.மு. ஆகலாம், மூ.மு. ஆகலாம், ப.மு. ஆகலாம், நி.மு. ஆகலாம்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. கோப்பு முடிகிற நாளில், அதைக் கையாண்டவரே அதன் ஆயுளைத் தலையில் எழுதிவிடுகிறார். கடிகாரமும் அன்றுதான் ஓடத் தொடங்குகிறது. கணினி உலகம் இன்றைக்கு அதிக விலைக்கு விற்கிற வசதியை இரண்டு எழுத்தில் முடித்திருக்கிறார்கள். அந்த எழுத்தர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

முதல் வழி: எதையும் அழிக்காதே

டிஸ்க் மலிவு, எதற்கு வம்பு என்பதுதான் இதன் வாதம். பில் இருக்கும், 3ஏ-யும் இருக்கும். ஆதார் நகலும் இருக்கும், அங்கேதான் சிக்கல். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்துவிட்டால் தரவை அழிக்கச் சொல்கிறது. வேறொரு சட்டம் வைக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஜெர்மனியில் 2019-இல் டாய்ச்ச வோனன் என்ற வீட்டு வாடகை நிறுவனத்துக்கு பெர்லின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி 1.45 கோடி யூரோ அபராதம் விதித்தார். வாடகைதாரர்களின் சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் போன்றவை தேவை முடிந்த பிறகும் தங்கியிருந்தன. அவற்றை அழிக்க அவர்களுடைய ஆவணக் காப்பு மென்பொருளில் வழியே இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

இன்னொன்று, எல்லாம் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடாது. எங்களிடம் டாலி என்ற கணக்கு மென்பொருளின் பழைய 7.2 பதிப்புக் காலத்து டேட்டா ஃபோல்டர் ஒன்று உண்டு. அதை இன்றைய டாலிபிரைமில் நேரே திறக்க முடியாது; தனியாக மாற்றி எடுக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மின்னணு ஆவணம் பின்னாளிலும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. திறக்க முடியாத ஃபோல்டர் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாம் வழி: எல்லாவற்றுக்கும் ஒரே வயது

மூன்று வருஷமான மெயில் தானாக அழியட்டும், ஏழு வருஷமான ஃபைல் போகட்டும் என்று சர்வரிலேயே விதி போட்டுவிடுவது. யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆதார் நகல் ஏழு வருஷத்தில் போய்விடும். தாமதம்தான், ஆனாலும் போய்விடும். பில் விஷயத்தில் போட்ட எண்ணைப் பொறுத்து அதிர்ஷ்டம். லேத்துக்காரரின் 3ஏ நிச்சயம் இருக்காது.

நான் பார்த்தவரை இதன் ஆபத்து, விதி தவறும்போது அது ஊரையே தவறவைக்கும் என்பது. 2020 ஆகஸ்டில் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தில் ஒரே ஒருவரின் கணக்கில் போட வேண்டிய அழிப்பு விதியை, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் முழுவதற்கும் போட்டுவிட்டார்கள். 1,45,000 பேரின் சாட் போனது, மீட்க முடியவில்லை. ஜே.பி.மார்கன் வங்கியில் 2019-இல் ஏறக்குறைய 4.7 கோடி மெயில்கள் இப்படி நிரந்தரமாக அழிந்தன. வைத்திருக்க வேண்டிய காலத்துக்கான தடை அந்த மெயில்களுக்குச் சரியாகப் போடப்படாததை யாரும் கவனிக்கவில்லை. 2023-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 40 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

வழக்கு வரும் நேரத்தில் இது இன்னும் மோசம். எபிக் என்ற கேம் நிறுவனம் கூகுள் மீது தொடுத்த வழக்கில், ஊழியர்களின் சாட் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி விட்டிருந்ததை நீதிபதி கடுமையாக எடுத்துக்கொண்டார். அழிந்தவை கூகுளுக்குப் பாதகமானவையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம் என 2023-இல் ஜூரிக்கு அனுமதியே கொடுத்தார். கூகுள் தோற்றது.

மூன்றாம் வழி: வருஷத்துக்கு ஒரு டிஸ்க், ஒரு ஆள்

நம் ஊர்க் கம்பெனிகளில் பாதிக்கு மேல் இதுதான் நடக்கிறது என்பது என் அனுபவம். மார்ச் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் ஏற்றி, மேலே பேனாவால் ஆண்டை எழுதி, பீரோவில் வைப்பது.

இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. லேத்துக்காரரின் 3ஏ கிடைத்தது இந்த வழியில்தான். பழைய கணக்கர் ஒருவர், இடம் இல்லை, அழித்துவிடு என்று சொல்லப்பட்டபோது, "சம்பள ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும் சார்" என்று தனியே எடுத்து வைத்திருந்தார். மனுஷன் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் நடக்கும் காரியம் இது. பார்க்காமல் அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி: கரீபியன் தீவுகளிலிருந்து வந்து இறங்கியவர்களின் பழைய வருகை அட்டைகளை உள்துறை 2010-இல் அழித்தது. பல ஆண்டு அங்கேயே வாழ்ந்தவர்கள் அதை நிரூபிக்க முடியாமல் வேலையையும் வீட்டையும் இழந்த கதை 2018-இல் வெளியே வந்தது.

ஆனால் அந்தக் கணக்கர் ஓய்வு பெற்றுவிட்டார். டிஸ்க் டிக், டிக் என்கிறது. எதை அழித்தோம், எப்போது, யார் சொல்லி என்று எங்கும் ஒரு வரி இல்லை. கம்பெனிகளின் கணக்கு விதிகளோ, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினசரி இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022-இலிருந்து சொல்கின்றன. பீரோ சர்வர் ஆகாது.

நான்காம் வழி: வகை, தொடக்க நாள், தடை

கோப்புகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எந்த நாளிலிருந்து எத்தனை வருஷம் என்று அட்டவணை போடுவது. கூடவே லீகல் ஹோல்டு என்கிற தடை: நோட்டீஸோ வழக்கோ வந்தால், சம்பந்தப்பட்டவை வயது முடிந்தாலும் அழியக்கூடாது. ஓ.மு., மூ.மு. முறையின் கணினி வடிவம் என்றே சொல்லலாம். மூன்று பொருளையும் ஒழுங்காகக் கையாளுகிற ஒரே வழி இது: பில் வருடாந்தர ரிட்டர்ன் கெடுவிலிருந்து எண்ணப்படும், ஆதார் நகல் ஆள் எடுப்பு முடிந்து சில மாதத்தில் போகும், 3ஏ நீண்ட வகையில் நிற்கும். நான் இதன் பக்கம்தான்.

விலை உண்டு. எங்களுக்கு அட்டவணை போடவே இரண்டு மாதம் ஆனது, ஆடிட்டரிடமும் ஹெச்.ஆர். மேடத்திடமும் எத்தனையோ முறை உட்கார்ந்தோம். முதல் வரைவில் 60-க்கு மேல் வகை வைத்து நான் பெரிய தப்புச் செய்தேன். யாரும் எதையும் குறிக்கவில்லை, எல்லாம் 'பொது' என்ற ஃபோல்டரில் போய் விழுந்தன. 11 வகையாகக் குறைத்த பிறகுதான் ஓடியது. சந்தேகம் வந்தால் நீண்ட காலமுள்ள வகையில் போடு என்பது எங்கள் விதி. ஆதார், மருத்துவச் சான்று போன்றவை உள்ள கோப்புக்கு மட்டும் இது பொருந்தாது, ஹெச்.ஆரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கருவி எது என்று கேட்பவர்களுக்கு: கூகுள் வொர்க்ஸ்பேஸில் வால்ட் (மெயிலையும் ஃபைலையும் எவ்வளவு காலம் வைப்பது என்று விதி போடும் வசதி) வேண்டுமென்றால் குறைந்தது பிசினஸ் பிளஸ் திட்டம் வேண்டும். ஜிமெயிலுக்கு வால்ட் எண்ணுவது மெயில் வந்த அல்லது போன நாளிலிருந்து. ஆள் வேலையை விட்ட நாள் அதற்குத் தெரியாது. முக்கியமாக, ஊழியர் போனதும் லைசென்ஸ் மிச்சம் என்று அவர் கணக்கை அழித்தால் வால்டில் இருப்பதும் அதோடு போகும், ஹோல்டு போட்டிருந்தாலும். அதற்கென்று உள்ள ஆவணக் காப்பு லைசென்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் இதே வேலைக்கு உள்ள பர்வியூவில், ஆள் வேலையை விட்டது போன்ற ஒரு நிகழ்விலிருந்து கடிகாரத்தை ஓடவிடும் வசதியே உண்டு, ஆனால் அது இ5 போன்ற உயர் லைசென்ஸில். வைக்கச் சொல்லும் விதியும் அழிக்கச் சொல்லும் விதியும் மோதினால் வைப்பதுதான் ஜெயிக்கும் என்பது அதன் அடிப்படை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னக் கம்பெனிக்கு இரண்டும் இல்லாமலேயே முடியும்: ஃபோல்டர் பெயரிலேயே அழிக்கும் ஆண்டைப் போடுங்கள், 'கொள்முதல்_2017-18_அழி_2026' என்று. காசு செலவில்லை.

பேக்கப்பை மறக்கக் கூடாது. சர்வரில் அழித்த ஆதார் நகல் நேற்றைய பேக்கப்பில் உயிரோடு இருக்கும். பேக்கப் எத்தனை மாதத்தில் மேலெழுதப்படுகிறது என்பதையும் அட்டவணையில் எழுதினால்தான் அழித்தோம் என்று சொல்ல முடியும்.

நான்கு வழிக்கும் அகப்படாதது வாட்ஸ்அப். எங்கள் ரேட் ஒப்புதல் பாதி அங்கேதான் நடக்கிறது, ஆளாளுக்குச் சொந்த ஃபோனில். வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் 16-க்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க ஆணையம் விதித்த 110 கோடி டாலர் அபராதம், தனிப்பட்ட ஃபோனில் பேசியதைப் பதிவு செய்து வைக்காததற்குத்தான். எங்களால் ஃபோன்களைப் பிடுங்க முடியாது. ரேட் உறுதியானதும் பர்சேஸ் ஆள் அதை ஒரு வரியில் சப்ளையருக்கு மெயில் போட்டுவிட வேண்டும், அந்த மெயில்தான் ஆவணம் என்று வைத்திருக்கிறோம். சில வாரம் மறந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவர்கள் மேசைக்குப் போய், "இந்த வாரத்து ரேட் எல்லாம் மெயில்ல வந்துடுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.